இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே

மார்ச் கடைசி. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் மூன்றாவது மாடி.
கழிப்பறைக் கதவில்
பக்கெட்டில் மொண்டு ஊற்றவும் என்று
மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறது.
நான் இங்கே தண்ணீர் லாரிக்குச் செயலி எழுதுகிறேன்.

செலஸ்டினா என்று ஒருவர், லிங்கராஜபுரத்திலிருந்து,
ஐந்தாவது தடவை அழைக்கிறார்.
"பதிவு ஆச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. லாரி வரல.
டிப்போல கேட்டா நோட்டுல பேரே இல்லைங்குறான்.
நான் இருக்கேனா இல்லையா,
அத மட்டும் சொல்லும்மா."

தேடினேன். இருக்கிறார்.
பதிவு எண் 48213. வியாழன் காலை. நிலை: காத்திருப்பு.
கைபேசி எண் சரி. பெயரில் மட்டும் ஒரு கால் கூடுதல்.

எனக்கும் தரவுத்தளத்துக்கும் நேர்ப்பேச்சு கிடையாது.
நடுவில் ஓ.ஆர்.எம். இருக்கிறது.
நான் பொருள்களின் பாஷையில் கேட்பேன்,
அது அட்டவணைகளின் பாஷையில் போய்ச் சொல்லும்,
வீட்டுக்காரரிடம் எனக்காகக் கன்னடம் பேசும்
அறைத்தோழி சஹானா மாதிரி.
வாடகையைக் குறைக்கச் சொல் என்றேன் ஒருமுறை.
அவள் என்ன சொன்னாளோ,
மறுநாள் ஃபேனை மாற்றிக் கொடுத்தார்.

அன்றிரவு லாக்கைத் திறந்து
அது உள்ளே என்னதான் பேசுகிறது என்று படித்தேன்.
பக்கம் இரண்டு என்று நான் கேட்டால்
அது சொல்வது:
முதல் இருபது பேரை எண்ணித் தள்ளு,
அடுத்த இருபது பேரைக் கொடு.
யாரைத் தள்ளினோம் என்ற ஞாபகம் அதற்குக் கிடையாது.

9:14:07. டிப்போவில் மல்லேஷப்பா
முதல் பக்கத்தைத் திறந்து
இருபது பெயரையும் நோட்டில் எழுதுகிறார்.
9:14:50. ஆறாவது ஆள்
போரில் தண்ணீர் வந்துவிட்டதென்று ரத்து செய்கிறார்.
எல்லோரும் ஒரு இடம் முன்னே நகர்கிறார்கள்.
செலஸ்டினாவும்.
9:15:22. மல்லேஷப்பா பக்கத்தைத் திருப்புகிறார்.

ரேஷன் வரிசையில் முன்னால் ஒருவர் விலகினால்
பின்னால் நிற்பவருக்கு ஓர் அடி லாபம்.
நான் எழுதிய வரிசையில்
பின்னால் நிற்பவர் காணாமல் போகிறார்.

காலையில் எங்கள் தெருவுக்கே லாரி வந்தது.
இருபது லிட்டர் கேன்களோடு
லேப்டாப் பை மாட்டிய கூட்டம்.
எத்தனையாவது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.
"அந்த ட்ராக் பேன்ட்காரருக்கு அப்புறம் நான்,
எனக்கு அப்புறம் இவங்க."
ட்ராக் பேன்ட்காரர் மீட்டிங் என்று கிளம்பிப் போனார்.
அவர் நின்ற இடம் போகவில்லை.
ஒருவரும் தொலையவில்லை.

கேனை மாடியில் வைத்துவிட்டு, குளிக்காமல்,
பக்க எண்ணைத் தூக்கி எறிந்தேன்.
கடைசியாகப் பார்த்தவர் எப்போது பதிந்தார்,
நேரம் ஒன்றாக இருந்தால் அவர் எண் என்ன,
அவருக்கு அப்புறம் இருபது பேர்.
இதைச் சொல்ல ஓ.ஆர்.எம்.மிடம் வார்த்தை இல்லை.
இரண்டு நிபந்தனையை ஒரு 'அல்லது' போட்டு முடிந்துவிட்டேன்.
முப்பத்தொரு வரி சேர்க்கை, ஒன்பது வரி நீக்கம்.

திங்கள் காலை மல்லேஷப்பா அழைத்தார்.
"மேடம், ஏளனே பேஜ் எல்லி ஹோய்த்து?"
ஏழாம் பக்கம் இனி கிடையாது,
அடுத்தது, அடுத்தது என்றுதான் போகமுடியும் என்றேன்
என் அரைக் கன்னடத்தில்.
நேராக ஏழாம் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை என்று
கேட்கவில்லை.

செலஸ்டினாவை நானே கூப்பிட்டேன்.
ஏதோ தனியார் லாரி, எண்ணூறு ரூபாய் கூட வாங்கினானாம்.
"அப்போ லிஸ்ட்ல நான் இருந்தேன்ல?"
இருந்தீங்க.
"எத்தனையாவது?"
இருபத்தொன்று என்று தொடங்கி
இருபது என்று திருத்தி
அப்புறம் சொன்னேன்,
உங்களுக்கு முன்னாடி யோகானந்த்னு ஒருத்தர் இருந்தார்.

"அவருக்குக் கிடைச்சுதாமா?"