எழுபத்தொரு மீட்டர், மேலிருந்து கீழாக

வெடி வைத்தால் பதினொரு நொடி என்றார்கள்.
நகரசபைக் கூட்டத்தில் பாதிப் பேர்
பதினொரு நொடிக்குக் கை தூக்கினார்கள்.
வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்துக்குத்
தொத்திறைச்சி விற்கலாமென்று
ஆற்றங்கரையில் இடம்கூடப் பேசி வைத்திருந்தான் ஆஹிம்.

நான் தூசு அளக்கிறவள்.
என் முறை வந்ததும்
ஒரு கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தேன்.
உள்ளே அரைக் கரண்டி கரி.
புகைபோக்கியின் தொண்டையில் சுரண்டியது.
இதில் ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது,
துத்தநாகம் உருக்கிய எண்பது வருஷம் இருக்கிறது.
பதினொரு நொடியில் இது
யார் வீட்டு முட்டைக்கோஸ் மேல் போய் உட்காரும் என்று
சொல்லுங்கள், நானும் கை தூக்குகிறேன்.

யாரும் சொல்லவில்லை.
‘மூடியைத் திறந்துவிடாதே’ என்று
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஏப்ரலில் வந்தாள் ஒத்திலியா,
நான்கு ஆட்கள், எட்டுக் கயிறுகள்,
கயிற்றைத் தவிர எதையும் நம்பாத பார்வை.
முதல் மூன்று வாரம்
ஒரு செங்கல்லையும் தொடவில்லை.
உள்ளே நீர் தெளித்து, சுரண்டி,
இரட்டைப் பையில் கட்டி,
எடை போட்டு, என் கையெழுத்து வாங்கி,
மறுபடி நீர் தெளித்து.
இரண்டு டன், நூற்றுப்பத்து கிலோ.
வெளியே போகாமல் ஒட்டிக்கொண்டது இவ்வளவு.
‘போனது எவ்வளவு என்று கேட்காதே’ என்றாள்.
கேட்பதுதான் என் உத்தியோகம் என்றேன்.
சிரித்தாள். முகமூடிக்குள் கண் மட்டும் சிரித்தது.

பிறகு கல்.
உட்சுற்றுக் கல் தொண்டைக்குள்ளேயே விழும்;
அதற்கு அடியில் வேறு லாரி, வேறு குழி, வேறு கையெழுத்து.
வெளிச்சுற்றுக் கல் கூடையில் இறங்கும்.
கட்டியவர்கள் சிமெண்ட் காணாதவர்கள்,
சுண்ணாம்புச் சாந்துதான்.
உளி தொட்டதும் கல்
கோபம் ஆறியவர்போலக் கூடவே வந்தது.
இரும்பு வளையங்களை அறுத்து எடைக்குப் போட்டார்கள்.
காற்று கொஞ்சம் முறுக்கினால்
எல்லோரும் கீழே, தேநீர், சீட்டாட்டம்.

நான் பள்ளிக்கூரையில் என் கருவியோடு
மணிக்கொரு தரம் எண் எழுதினேன்.
உயரம், காற்று, தூசு என்று மூன்று பத்தி.
முதல் பத்தி மட்டும்
ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் குறைந்தது.

ஜூனில் ஒரு சிக்கல்.
கற்கள் எல்லாமே வளைந்தவை.
வட்டத்துக்காக வார்த்த கல் நேர்ச்சுவருக்கு நிற்காது.
‘வட்டமாக எதையாவது நினைத்துப் பாருங்கள்,
கல் இலவசம்’ என்று
நகரசபை டிராம் நிறுத்தங்களில் ஒட்டியது.
நினைத்தார்கள்.
பூப்பாத்தி, நாய்வீடு, கிணற்றுக்கட்டு,
ஒருவர், தனக்கே ஒரு கல்லறை,
நின்றபடி.

நாற்பதாம் நாள் புகார் எழுதினாள் லியோகாடியா.
இரவு டிராம் ஓட்டுகிறவள்.
ஏழரையிலிருந்து எட்டுவரை,
அவள் கண் அயர்கிற அந்த அரைமணி நேரம்
அவள் ஜன்னலில் நிற்கும் நிழல்
கூரைக்குக் கீழே நழுவிவிட்டது.
வெயில் நேரே முகத்தில்.
‘இழப்பீடு எந்தப் பிரிவில் வரும்?’
எங்கள் படிவத்தில்
நிழலுக்குப் பத்தி இல்லை.
நான் போய் அந்த ஜன்னலில் நின்று பார்த்தேன்.
அவள் சொன்னது சரி.
வெளிச்சத்தில் தூசு மிதந்தது.
‘இதையும் அள’ என்றாள். அளந்தேன்.
வீட்டுத் தூசு. ரொட்டித் துணுக்கு, கம்பளி நூல்.
அவள் நம்பவில்லை. இரண்டாம் முறையும் அளந்தேன்.

கடைசி வரிசையை
ஒத்திலியா உட்கார்ந்தபடி எடுத்தாள்,
பட்டாணி உரிக்கிறவள் மாதிரி.
பார்க்க யாருமில்லை.
தெருவில் ரொட்டிக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை.
உயரம் என்ற இடத்தில் சைபர் போட்டேன்.
பேனா ஒரு கணம் தயங்கி
அந்தச் சைபரைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டது.

செப்டம்பரில் ஆஹிம் வந்தான்.
அறுநூறு கல் வாங்கிப் போனவன்.
தொத்திறைச்சி புகைபோட வட்டமாக ஓர் அடுப்பு கட்டியிருக்கிறானாம்.
மேலே சின்னதாக,
இடுப்புயரம்தான், ஒரு புகைபோக்கி.
‘அனுமதி வேண்டுமாமே?’

கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.