சூட்டில் அளந்தது

உரசுபட்டை என்பது
படகுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில்
அடி வாங்குவதற்கென்றே வைத்தது.
எங்கள் படகினுடையது
முப்பத்தெட்டு வருடம் வாங்கியது.
கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெடித்து,
தொட்டால் விரலில் மை.

எங்கள் என்றால் எனக்கும் ஹில்லெவிக்கும்.
என் அண்ணனைக் கட்டியிருந்தபோது பாதிப் பணம் போட்டாள்.
அவனை விட்டாள், படகை விடவில்லை.
நாகு தீவில் இது எல்லோருக்கும் தெரியும்.
அவளை இப்போது நான் என்ன முறை சொல்வது என்பதுதான்
யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் கடைசி. குடாவில் பனிக்கட்டி உடைந்து
கரையோரம் மட்டும் அழுக்குத் தட்டுகளாய்க் கிடந்தது.
அவள் வீட்டுச் சரிவில், மரக்கால்கள் மேல்,
வயிறு தெரிய நின்றது படகு.
பட்டறைக்காரன் வந்து பார்த்து
ஆயிரத்து நானூறு யூரோ என்றான்.
'இதற்கா' என்றாள் ஹில்லெவி.
அந்த ஒரு சொல்லில்
வேலை எங்கள் தலையில் விழுந்தது.

பழையதை உரிப்பது சுலபம்.
ஒரு முனையைக் குறடால் பிடித்து நடந்தேன்,
கடன் கொடுத்தவனைப் போலக் கூடவே வந்தது.
அடியிலிருந்த திருகாணிகள்தான் வரமாட்டேன் என்றன.
நூற்று நாற்பத்தாறில்
முப்பத்தொன்றுக்குத் தலை முறிந்தது.
துளை ஒவ்வொன்றிலும் பல்குச்சி செருகிப் பிசின் விட்டு,
அது காயும்வரை
கறுப்பு ரொட்டியும் வெங்காயம் போட்ட ஹெர்ரிங் மீனும்.

தடத்தின் அடியில், வெயில் பார்க்காத
ஒரு விரல் அகலத்தில்,
படகு மஞ்சளாக இருந்தது.
வெள்ளை என்றுதானே வாங்கினோம்?
ஹில்லெவி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.
மஞ்சள்தான்.

புதுப் பட்டை சுருளாக வந்தது.
குளிரில் விறைத்து, பிரித்தால் முகத்தில் அறைந்தது.
சூடாக்கிப் பொருத்துக என்றது கூட வந்த தாள்.
பதினைந்தரை மீட்டரைக் கொதிக்க வைக்க
எந்தப் பானை?
ஹில்லெவியிடம் சௌனா இருந்தது.

மேல் பலகையில்
விருந்தாளியை வைப்பதுபோலச் சுருளை வைத்தோம்.
கீழே நாங்கள் இருவர்.
கல்லில் நீர் விட்டாள். ஆவி ஏறி
மூன்று பேருக்கும் வியர்த்தது.
அவன் எப்படி இருக்கிறான் என்று
அப்போதுதான், அந்த அரையிருட்டில், கேட்டாள்.
முழங்கால் சரியில்லை என்றேன்.
எந்த முழங்கால்?
இடது.
இன்னொரு கரண்டி நீர், கல்லில்.

பிறகு ஓட்டம்.
உடம்பில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ்,
வெந்த பட்டைக்கு ஆளுக்கொரு முனை.
அணியத்தில் ஏணிமேல் நின்று அவள் இழுத்துப் பிடிக்க,
சோப்பு நீர் தடவித் தடவி
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்
அமரம் வரைக்கும்.
அடுத்த வீட்டு யர்மோ
வலை அலசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
பார்க்கட்டும்.
ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும், முடித்தோம்.
மிச்சத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினேன்.
மயிரிழை பிசகவில்லை.
போர்வையை இழுத்துப் போர்த்தியபின்னும்
அந்த வெட்டையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் மைனஸ் நான்கு.
அமரத்தில் நான்கு விரல் இடைவெளி.

சூட்டில் நீண்டதைச்
சூட்டிலேயே அளந்தவள் நான்.

ஹில்லெவி சிரிக்கவில்லை.
குப்பைக்குப் போக இருந்த பழைய பட்டையில்
நான்கு விரல் நறுக்கி எடுத்து வந்தாள்.
'இது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது' என்று
கட்டைவிரலால் அழுத்தினாள். உட்கார்ந்தது.
சுற்றிலும் புது வெள்ளை,
பின்னால் ஒரு சாம்பல் பல்.

மொத்தச் செலவு இருநூற்றுப் பதினோரு யூரோ.
என் பங்கு நூற்றைந்தரை.
நூற்றைந்தை மேசையில் வைத்தேன்.
அரை யூரோ பாக்கி.
மே வந்தது, படகு தண்ணீரில் இறங்கியது,
இரண்டு முறை கடைக்கல்லில் இடித்தும் ஆயிற்று.
அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.
பையில் சில்லறை இருக்கிறது.