ஒரிஜினல் துரு

ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்குப்
புளிமூட்டை இறக்கிய ஜீப்.
தொண்ணூற்றெட்டில், மிலிட்டரி ஏலத்தில்,
இருபத்திரண்டாயிரம்.
பத்து வருஷம் கழித்துக் காயலான்கடை நவாஸ்
எடைக்குக் கேட்டார். டயருக்குத் தனி விலை.
தரவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை,
தள்ளிக்கொண்டு போக ஆள் கிடைக்கவில்லை.

போன மாசம் பெங்களூர்க்காரர் ஒருவர்
போட்டோ பார்த்தே ஏழு லட்சம் என்றார்.
மறுநாளே காட்பாடி போய்
பச்சை பெயின்ட் நாலு லிட்டர்,
சீட்டுக்குப் புது ரெக்சின்.

வந்தவர் பானெட்டை விரலால் சுரண்டினார்.
"துரு எங்கே?" என்றார்,
பந்தியில் உப்பு கேட்பதுபோல.
ஐந்தரைக்கு முடிந்தது.

ஒன்றரை லட்ச ரூபாய் பெயின்ட்
இன்னும் என் நகக்கண்ணில்.
மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்தால்
பாக்கியம் உள்ளேயிருந்து சொல்கிறாள்:
"தேய்க்காதீங்க, விலை இறங்கிடப் போகுது."