மூலம் 0

தார்த்துவில் மார்ச் மாதம். எமயோகி ஆற்றில்
பனிக்கட்டி இன்னும் முழுசாக உடையவில்லை.
விர்வே ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருகிறாள்.
திரையில் சிவப்பாக இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்:
கட்ட முடியவில்லை, கட்ட முடியவில்லை,
மூலக்கோப்பு அங்கே இல்லை.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு செய்முறைத் தாள்.
அதில் மூலம் 0 என்று ஒரு முகவரி,
அதன் கீழே அறுபத்து நான்கு எழுத்தில்
கோப்பின் கைரேகை.
சாவது முகவரிகள்தாம்.
பல்கலைக்கழகம் சர்வரை அணைத்துவிடுகிறது,
நிறுவனத்தை நிறுவனம் விழுங்குகிறது,
யாரோ வருடச் சந்தா கட்ட மறக்கிறார்,
அல்லது
மறப்பதற்கு அவர் இல்லை.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பது நம் பக்கத்துப் பேச்சு.
விர்வேக்குச் சம்பளமே
நதிமூலம் பார்க்கத்தான்.

மூன்று குளிர்காலம் கையால் தேடிச் சலித்து
ஒரு நிரல் எழுதினாள்:
முகவரியைத் தட்டு.
திறக்காவிட்டால் நகல் கிடங்குகளைத் தட்டு.
அங்கும் இல்லையென்றால்
அடுத்தவர் பரணில் ஏறிப் பார்.
கொண்டுவந்ததைக் கைரேகையோடு ஒட்டிப் பார்,
ஒட்டாவிட்டால் தூக்கிப் போடு.

கடைசி இரண்டு வரிகள் மறுநாள் சேர்த்தவை.
முதல் இரவு நிரல்
ஓட்டக் காலணி விற்கும் பக்கம் ஒன்றை இறக்கி
அதற்கு மூலக்கோப்பின் பெயரையே சூட்டி
பத்திரமாக வைத்திருந்தது.
ஐனார் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.
'எனக்கு நாற்பத்திரண்டாம் அளவு இருக்கிறதா பார்.'

நான்காம் நாள் காலையில் எண்ணினால்
இருநூற்றுப் பதினொன்று பச்சை.
ஒன்று மட்டும் அடம்.

கடலின் ஏற்றவற்றம் கணக்கிடும் சின்ன நிரல்தொகுப்பு.
பரோயே தீவுகளில் த்ரோண்டுர் என்றொருவர் எழுதியது.
காலணிக்கடை இருப்பது அவருடைய பழைய முகவரியில்தான்.
கைரேகை இருக்கிறது, ஆளில்லை.
ஆறு துறைமுகங்கள் இன்னும் அவர் கணக்கை நம்பிப்
படகை அவிழ்க்கின்றன.

நிராகரித்தவற்றின் குவியலை அவள் கிளறினாள்.
ஒரு மீன்பிடிப் பள்ளியின் சர்வரிலிருந்து
நிரல் கவ்வி வந்து
தன் சட்டப்படி எறிந்துவிட்ட கோப்பு ஒன்று.
உள்ளே பதிப்பு எண் சரி, பெயர் சரி,
கைரேகை மட்டும் ஒட்டவில்லை.
யாரோ அங்கே அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.
சுருக்கிய கோப்பின் தலையில் நான்கு பைட்,
கட்டிய நேரத்தைச் சொல்பவை.
அதில் த்ரோண்டுரின் நேரம் போய்
பள்ளிக்கூடத்தின் நேரம்.
அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.
நினைத்தால் போதுமா.

'தாளில் எண்ணை மாற்றிவிடு' என்றான் ஐனார்,
'யார் பார்க்கப் போகிறார்கள்?'
'நான் பார்த்துவிட்டேனே.'

பதிப்பு வெளியானது இரண்டாயிரத்து ஒன்பதில்.
ஆண்டுக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் நொடி, சொச்சம்.
ஒவ்வொரு நொடியாக அந்த நான்கு பைட்டில் எழுது,
கைரேகை எடு, ஒட்டிப் பார்,
இல்லையா, அடுத்த நொடி.

பிப்ரவரி போயிற்று.
மே மாதத்தில் கம்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.
ஆகஸ்டில் ஐனார் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினான்,
செப்டம்பரில் கதவருகிலிருந்து திரும்பி வந்தான்.

நவம்பரில் நின்றது.
எட்டாம் தேதி, ஞாயிறு,
இரவு இரண்டு நாற்பத்தொன்று, பதினேழாம் நொடி.
அறுபத்து நான்கு எழுத்தும் ஒட்டின.

தூங்காத ஒரு மனிதர்
விசையை அழுத்திய நொடி.
வீட்டில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது,
மறுநாள் அவருக்கே
ஞாபகம் இருந்திருக்காது.

செய்முறைத் தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
நிரலில் மட்டும் ஒரு வரி கூடியது:
தூக்கிப் போடுமுன் என்னைக் கூப்பிடு.

விளக்கை அணைக்குமுன் விர்வே
சுவரில் மணி பார்த்தாள்.
நொடிமுள் இல்லாத கடிகாரம்.