ஐந்து பாயிண்ட்

கிக்கர் ஷாஃப்ட் உட்காரும் புஷ்
எங்கேயும் கிடைக்கவில்லை.
கோவைக் கடைக்காரர் "யெஸ்டியா?" என்று சிரித்துவிட்டு
அடுத்த ஆளுக்குப் பிளக் எடுக்கப் போனார்.
அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது
செய்வதென்று.

மஞ்சூர்ப் பக்கம் மூடிப்போன தேயிலை ஃபேக்டரியின்
ரோலரிலிருந்து கழற்றிய வெண்கலத் துண்டு,
காந்தல் பழைய இரும்புக்கடையில்
எடைபோட்டு அறுநூற்று நாற்பது.
இருபது ரூபாய் குறைக்கச் சொன்னேன்.
குறைக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

லேத் ஜக்கரியா என்னைப் பார்த்தார்.
"வீட்டுக்காரர் வண்டியா?"
"என் வண்டி."
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
நான் எழுதி வந்த அளவை அடித்துவிட்டு
வெர்னியரை மூன்று முறை வைத்துப் பார்த்து
தன் அளவை என் உள்ளங்கையில்
பேனாவால் எழுதினார்.

முதல் புஷ்
விரலால் தள்ளவே உள்ளே போனது.
எவ்வளவு சந்தோஷம் எனக்கு.
விரலால் போனது விரலாலேயே திரும்பி வந்தது.

"ஐஞ்சு பாயிண்ட் பெருசா வைக்கணும்," என்றார்.
"அடிச்சு ஏத்தாதீங்க, கேஸ் விண்டுரும்.
இதைச் சுருக்குங்க, அதை விரிங்க.
பிரிட்ஜுல போடுங்க ஒரு ராத்திரி."

எங்களிடம் பிரிட்ஜ் இல்லை.
முத்தொரை பாலாடாவில் எதற்குப் பிரிட்ஜ் என்று
கல்யாணமான நாளிலிருந்து
நானே சொல்லி வந்திருக்கிறேன்.

கேஸைச் சூடாக்க
வர்க்கி போடும் ராயப்பனிடம் அடுப்பைக் கேட்டேன்.
"ஆயில் நாத்தம் ஒரு மாசம் அடிக்கும்க்கா."
நியாயம்தான்.

அதனால் வானத்தை நம்பினேன்.
தை பிறந்தும் உறைபனி விழவில்லை.
தலைகுந்தாவில் வெள்ளை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்,
எங்கள் பள்ளத்தில் மூன்று ராத்திரியும் மேகம்.
மேகமிருந்தால் பனி உறையாது.

நான் கொல்லையில் நின்று நட்சத்திரம் தேடினேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் மாதியும் தேடினாள்,
ஒன்றும் தெரிந்துவிடக் கூடாதே என்று.
ஒன்றரை ஏக்கர் கேரட்,
இரண்டு இலை விட்டு நிற்கிறது,
சொசைட்டிக் கடனில்.
"மூடியே கெடக்கட்டும்," என்றாள்.
ஆமாம் என்றேன்.
இருட்டு, என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

நாலாம் ராத்திரி ஒரு மேகமில்லை.
பிஸ்கட் டப்பா மூடியில் புஷ்ஷை வைத்து
புல்மேல் விட்டேன்,
எலி உருட்டாமலிருக்க
வடிகட்டியைக் கவிழ்த்தேன்.

விடிகாலை ஐந்து மணி.
தோசைக்கல் மேல் கேஸ்,
தோசைக்குத் தெளிப்பதுபோலவே தண்ணீர் தெளித்தேன்.
சொட்டு நிற்காமல் குதித்து ஓடியது.
என்னிடமிருந்த தெர்மாமீட்டர் அதுதான்.

வெளியே புஷ்மேல் வெள்ளை ரோமம் முளைத்திருந்தது.
துணியில் பிடித்து ஓடி வந்து
வாயில் வைத்து நேராக்கி விட்டேன்.
மடக்.

ஒரே சத்தம்.
பிறகு சூடும் குளிரும்
ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் வாசனை,
எரிந்த எண்ணெய், ஈர இரும்பு.
சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன்.
அசையவில்லை.
கத்தியிருப்பேன்.

அப்போதுதான் கேட்டது
மாதியின் ஸ்பிரிங்க்ளர், டக் டக் டக்.
வெயில் ஏறுமுன் பனியைக் கழுவ வேண்டும்,
கழுவாத இலை கருகும்.
குழாய் இணைப்பு ஒன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது.
போய் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன்,
ஏழரை மணி வரை.
ஜக்கரியாவின் அளவு கையில் அழிந்துபோனது.

ஓடைப் பக்கம் ஆறு பாத்தி போய்விட்டது.
மற்றது தப்பும் என்றாள்.
"உங்க வீட்ல என்னமோ மடக்குன்னுச்சே காலைல?"

சொன்னேன், எல்லாவற்றையும்.
வடிகட்டி வரைக்கும்.

அவள் ஓஸைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.
"இனி என்ன செய்யணும் அந்த வண்டிக்கு?"

கார்புரேட்டருக்கு மிதவை ஊசி, என்றேன்.
பித்தளைக் கம்பி, அரம், பொறுமை.

"பனி வேணுமா அதுக்கு?"

வேண்டாம், என்றேன்.