இங்கே வர வழியில்லை

பிரெமனில் மூன்று நாளாக மழை.
விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம், இரண்டாம் மாடியில்,
வீப்கே ஹார்ம்ஸன்
ஒரே ஒரு வரியின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கும் இயங்குதளம்.
யாரும் படிக்கலாம், திருத்தலாம், தூக்கிக்கொண்டு போகலாம்.
பறக்கப் போகிறது என்றாலோ
வரிக்கு வரி காரணம் வேண்டும்,
காரணத்துக்கு ஓர் எண்,
எண்ணுக்கொரு சோதனை, அதன் கீழே கையெழுத்து.

ரிஷிமூலம் நதிமூலம் கேட்கக் கூடாதாம்.
கேட்பதற்குத்தான் டியார்க் ஓல்ட்மன்ஸுக்குச் சம்பளம்.
தணிக்கையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பென்சில் முனையால் திரையைத் தொட்டார்:
"இது எதற்கு?"

இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்காம் வரி.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
இங்கே வர வழியில்லை.
வந்துவிட்டால் கடிகாரத்தை இன்னொரு தரம் கேள்.

வழியில்லை என்றால் வரி எதற்கு?
எழுதியவன் எவாரிஸ்தோ பிரேகா, மொந்தேவீதியோ.
பதினாறு வருஷத்துக்கு முன், விடிகாலை மூன்று பன்னிரண்டு.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடிதம் போட்டாள். ஒன்பதாம் நாள் பதில்:
"நினைவில்லை. அப்போது மீன் ஆலையில்
குளிர்பெட்டிகளுக்குக் காவல் இருந்தேன்.
ஏதோ நின்றிருக்கும், ஏதோ எழுதியிருப்பேன்.
விமானத்திலா?
தயவுசெய்து வேண்டாம்."

அந்த வேண்டாமையும் கோப்பில் சேர்த்தாள்.
பிறகு வரியை நீக்கினாள்.

கீழ்த்தளத்தில் இறக்கையில்லாத ஒரு விமானம்:
கம்பிகள், மோட்டார்கள், சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை.
இரவும் பகலும் அது தரையிறங்கிக்கொண்டே இருந்தது.
நாற்பது மணி நேரம் எதுவுமில்லை.
அறுபத்தோராவது மணியில், ஞாயிற்றுக்கிழமை,
கட்டடத்தில் துப்புரவுக்கு வந்த நெர்மின் மட்டும் இருந்தபோது,
இரண்டு கடிகாரங்கள் ஒன்றையொன்று நம்ப மறுத்தன.
மோட்டார் கேட்டது. பதில் வரவில்லை.
இருநூறு மில்லிவினாடி.
இமைப்பொழுதுதான்,
ஓடுபாதையில் பதினான்கு மீட்டர்.

நெர்மினுக்கு எதுவும் கேட்கவில்லை. வாளியை நகர்த்தினாள்.

வரியைத் திரும்ப வைத்தார்கள். முன்னூறு மணி நேரம் அமைதி.
பதிவேட்டில் மட்டும்:
வர வழியில்லாத இடத்துக்கு வந்தது, நான்கு முறை.

இப்போது அதற்கொரு தேவை எழுத வேண்டும்.
பிள்ளைக்குப் பதினாறு வயதான பிறகு
அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி
வெட்கத்தோடு எழுதினாள். எண்ணும் கொடுத்தாள்.

குறிப்பு பொய் என்று இப்போது தெரியும்.
ஒரு சொல்லைத் தொட்டாலும் கோப்பின் அடையாளம் மாறும்,
எல்லாச் சோதனையும் முதலிலிருந்து.
விட்டுவிட்டாள்.
மொந்தேவீதியோவுக்கு மட்டும் ஒரு வரி: "நான்கு முறை, எவாரிஸ்தோ."

ஓல்ட்மன்ஸ் கையெழுத்திட்டார்,
மழைக்கோட்டின் பொத்தான்களை மெதுவாகப் போட்டார்.
"செவ்வாய்க்கிழமை அடுத்தது" என்றார்.

அடுத்த வரியைப் பார்த்தாள்.
அதில் குறிப்பே இல்லை.