பென்சிலால் ஒரு சொல்

சேன்-லூயி பாலத்தடியில் விடியுமுன்
இரண்டு மீட்டர்களையும் பூச்சியத்தில் வைத்தோம்.
ரெஜிஸுடையது விலை கூடியது,
சக்கரம் நின்றால் தானும் கண்மூடிக்கொள்ளும்.
என்னுடையதற்குத் தூங்கத் தெரியாது.
போட்ட பொத்தானை அணைக்கும்வரை
நிமிடங்களைத் தின்றுகொண்டே இருக்கும்.

மேலே சிலாவோஸுக்கு முப்பத்தாறு கிலோமீட்டர்.
சர்க்கரை ஆலையின் பாகு வாசனை
முதல் ஏற்றம்வரை கூட வந்து திரும்பிப் போனது.
நானூறு வளைவு என்பார்கள்.
நூற்றுப் பதினேழோடு நான் எண்ணுவதை விட்டேன்,
வாய் வழியாக மூச்சு விட ஆரம்பித்ததால்.

ரெஜிஸ் வல்லியாமே, சுங்க அலுவலகத்து எழுத்தர்,
போன வருஷம் இதே ஏற்றத்தில்
பதினாறு புள்ளி எட்டு.
என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே
அந்த எண் ஒரு வருஷமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.
அதற்காகத்தான் ரொட்டியை விட்டேன்,
மருந்துக்கடைக் கல்லாவில் நின்றபடியே
குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன்.
வாடிக்கையாளர்கள் எனக்கு ஏதோ வலி என்று நினைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் எங்களைத் தொலைத்தது.
மறுமுனையில் தேடிப் பிடித்து
மலையின் வயிற்றைக் கீறி ஒரு நேர்கோடு போட்டது.
ஆறு நொடியில் நாங்கள் பாறையைத் துளைத்துவிட்டோமாம்.

அப்புறம் உண்மையான பாறை.
இரவு மழையில் சரிந்து சாலை நடுவே கிடந்தது.
சிவப்புப் பலகை பிடித்த ஆள்
'காத்திருங்கள்' என்று கையால் சொன்னான்.
ஜேசிபி முனகியது.
ரெஜிஸின் மீட்டர் தூங்கிப் போனது.
என்னுடையது விழித்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நிமிடம்
பாதி வாழைப்பழத்தை எனக்கு நீட்டியபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:
"போன வருஷம், சோலாஞ்,
கடைசி மூன்று கிலோமீட்டர்
முட்டைக்கார வேனின் கதவைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்."

முப்பத்தொன்றாம் நிமிடம் பலகை பச்சைப் பக்கம் திரும்பியது.
நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சிலாவோஸில் பருப்பும் சோறும், ஏவாத ஈரக் குளிர்.
அவனுக்குப் பதினைந்து சுத்தமாக.
எனக்குப் பன்னிரண்டு புள்ளி மூன்று.
ஒரே சாலை, ஒரே காற்று,
பெரும்பாலும் ஒரே பின்சக்கரத்தைப் பார்த்தபடி.

"இறங்கும்போது நாற்பத்தைந்தில் போனால்
மொத்தத்துக்கும் முப்பது வந்துவிடும்" என்றான்.
வராது என்றேன்.
காகிதக் கைக்குட்டையில் எழுதிக் காட்டினேன்:
போக வர எழுபத்திரண்டு.
முப்பதில் போனால் இரண்டு மணி இருபத்துநாலு நிமிடம்.
ஏறுவதற்கே எவ்வளவு ஆயிற்று?
இரண்டு மணி இருபத்துநாலு.
இறங்க உனக்கு மிச்சம் ஒரு நொடியும் இல்லை.
நீ ஏற்கெனவே கீழே நின்றிருக்க வேண்டும்.

அவன் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அந்தப் பக்கம் குழம்புக் கறைதான் இருந்தது.
சிரித்தான். நானும்தான்,
ஆனால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இறங்கினோம், ஒரு மணி நேரம்.
பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்தன.
சாலை தன் தலைமேலேயே ஏறிச் சுற்றும் பாலத்தில்
என் கூச்சலை எனக்குக் கீழே கேட்டேன்.

பாலத்தடியில் அவனுடையது இருபத்தொன்று புள்ளி இரண்டு.
ஏறியதும் இறங்கியதும் கூட்டிப் பாதியாக்கினால்
இருபத்தைந்தரை வரணுமே என்று அவன் முனகினான்.
மெதுவாகப் போன இடத்தில்தான்
அதிக நேரம் இருந்திருக்கிறோம் என்பதை
அவன் காலும் ஒப்புக்கொள்ளவில்லை.

என்னுடையது பதினைந்து புள்ளி ஏழு.
அதற்குள் ஜேசிபி இருக்கிறது, பருப்பு இருக்கிறது,
வாழைப்பழம் இருக்கிறது,
அவன் வேறெங்கோ பார்த்தது இருக்கிறது.

வீட்டில் குறிப்பேட்டை எடுத்தேன்.
இன்றைய வரியில் இரண்டு எண்களையும் எழுதினேன்.
பழைய பதினாறு புள்ளி எட்டை அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால், சின்னதாக,
வேன்.